செத்துக் கிடந்தவன் காலை ஆட்டினான்

"காரியம் முடிஞ்சிட்டா ஒரு வருசத்துக்கு நீ சினிமாக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. இன்னைக்கே போயிட்டு வந்துரு, தாயி."

மாமியார் முத்துத்தாய் இதைச் சொன்னபோது தங்கமாரி தலை சீவிக்கொண்டிருந்தாள். ஒரு மருமகளை இதைவிடக் கரிசனமாக யாரும் சினிமாவுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். இதைவிடக் கொடூரமாகவும் அனுப்பியிருக்க மாட்டார்கள். முத்துத்தாய்க்கு இரண்டையும் ஒரே வாயால் செய்யத் தெரியும். இத்தனை வாரமாக இந்தத் தொடர்கதை வழியாக இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு அது புதிதல்ல.

இன்றைக்குத்தான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. தங்கமாரியின் புருஷன் சுந்தரபாண்டி, பரளச்சிப் பக்கத்தில் கரிமூட்டம் போடுகிறவன். சீமைக்கருவேலம் வெட்டி, அடுக்கி, மண் பூசி, தீ வைத்துவிட்டு, ராத்திரியெல்லாம் புகையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற பிழைப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கரி லோடு லாரியில் ஏறிப் போனான். லாரி திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

போலீஸில் சொன்னார்கள். கோயிலில் நேர்ந்துகொண்டார்கள். போன மாதம் முத்துத்தாய் ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தாள். அவன் உடுக்கை அடித்து, "அவன் உசுரோட இல்ல, தண்ணி கேட்டு நிக்கான்" என்று சொல்லிவிட்டான். வருகிற அமாவாசைக்குத் திருச்சுழி ஆற்றங்கரையில் வைக்கோல் பொம்மை கட்டிக் கிடத்தி, சுந்தரபாண்டிக்குக் காரியம் செய்வதாக முடிவாயிற்று. அன்றைக்குத் தங்கமாரியின் கழுத்துத் தாலியும் இறங்கும்.

அவசரத்துக்குக் காரணம் இளையவன் மாரிச்செல்வம். அவனுக்குப் பாளையம்பட்டியில் காளீஸ்வரி என்ற பெண்ணைப் பேசியிருக்கிறார்கள். "மூத்தவருக்கு ஒரு முடிவு தெரியாம எப்படிங்க முகூர்த்தம் குறிக்கிறது?" என்று பெண்ணின் அப்பா கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஒருத்தி தாலியை இறக்கினால்தான் இன்னொருத்திக்குத் தாலி ஏறும் என்று ஆகிப்போனது.

முடிவைச் சொன்ன அன்று தங்கமாரி, "சரி" என்றாள். அழவில்லை. சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் மில்லு வேன் வந்தபோது டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். "நெஞ்சழுத்தக்காரி" என்று தெருவில் பேசினார்கள். அவளுக்கு நெஞ்சில் அழுத்தமும் இல்லை, அழுகையும் இல்லை. மூன்று வருஷம் காத்திருந்ததில் அந்த இடம் மரத்துப்போய்விட்டது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி.

சரி, சினிமாவுக்கு வருவோம்.

'பெருந்தேர்ப் பாண்டியன்' வந்து இரண்டாவது வாரம். ஐந்து பாஷைகளில், உலகமெங்கும், ஊரெங்கும் அதே பேச்சு. மாரிச்செல்வம் இரண்டு தடவை பார்த்துவிட்டான். மூன்றாவது தடவையைக் காளீஸ்வரியோடு பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைத் தனியாக அனுப்ப அவள் வீட்டார் லேசில் சம்மதிக்கிறவர்கள் இல்லை. துணைக்கு மதினி வந்தால் சரி என்றார்கள்.

அருப்புக்கோட்டைத் தியேட்டர் வாசலில் காளீஸ்வரி காத்திருந்தாள். நகைக்கடையில் வேலை பார்க்கிற பெண். பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க வந்ததாலதான் எங்கப்பா விட்டாரு. இல்லேன்னா வீட்டுல உக்காந்து டிரைலரத்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

"அப்படியா" என்றாள் தங்கமாரி.

உள்ளே ஏ.சி. நடுக்கியது. படம் ஆரம்பித்ததும் சத்தம் நெஞ்சைப் பிளந்தது. மற்றவர்களுக்குத்தான். தினமும் ஸ்பின்னிங் மில்லில் நின்று அறுந்த நூலை ஒட்டுகிறவளுக்கு எந்த முரசு என்ன செய்யும்? காதில் பஞ்சு வைக்காமலே அவள் நேராக உட்கார்ந்திருந்தாள்.

திரையில் ஒரு மதுரை எழும்பியது. கோபுரம் கோபுரமாக, தங்கத் தகடாக. தேர் ஒன்று வந்தது. அதன் சக்கரமே ஒரு வீட்டு உயரம் இருந்தது. கதாநாயகன் அதன் மேலிருந்து குதித்தபோது முன்வரிசை மொத்தமும் எழுந்து ஆடியது. மாரிச்செல்வம் விரலை மடக்கி விசிலடித்தான்.

"அக்கா, ராணி கழுத்துல கிடக்கிறதப் பாருங்க. அம்புட்டும் கெட்டி வேலைப்பாடு. நெசமாப் போட்டா கழுத்து ஒடிஞ்சுரும்" என்றாள் காளீஸ்வரி.

தங்கமாரி பார்த்தாள். ராணியின் கழுத்தில் எல்லாம் இருந்தது. தன் கழுத்தில் இருப்பதை அவள் தொட்டுப் பார்த்துக்கொள்ளவில்லை.

"மதினி, இந்த யானை பூராம் கம்ப்யூட்டரு. நெசத்துல ஒரு யானை கூடக் கிடையாது."

"அப்படியா, தம்பி."

துரோகம் நடந்தது. கப்பல் எரிந்தது. பாட்டு வந்தது. எல்லாம் கண்ணுக்கு முன்னால் போயிற்று. எதுவும் உள்ளே இறங்கவில்லை. இத்தனை கோடி கொட்டி, இத்தனை பேர் கத்தி, ஒருத்தியை அசைக்க முடியவில்லை. படம் எடுத்தவர்கள் அவளைப் பார்த்திருந்தால் தொழிலையே விட்டிருப்பார்கள்.

இடைவேளையில் மாரிச்செல்வம் பாப்கார்னும் தகவலுமாக வந்தான்.

"ஐதராபாத்துல செட்டு, மதினி. போன வருசம் சித்திரையிலதான் சூட்டிங்கே ஆரம்பிச்சாக. அதுக்குள்ள முடிச்சுட்டாக பாருங்க. சண்டை சீனுக்கு ஊரு ஊராப் போயி ஆள் கூட்டியாந்தாகளாம்."

"செத்துக் கிடக்கிறதுக்குக் கூடவா ஆளு?" என்றாள் காளீஸ்வரி.

"பின்ன? அதுல ஒண்ணு இருக்கு. செத்த மாதிரி நடிச்சவுகள அப்படியே அனுப்ப மாட்டாக. எழுப்பி, சிரிக்கச் சொல்லி, ஒரு ஷாட்டு எடுத்துட்டுத்தான் விடுவாக. இல்லேன்னா நடிச்சது பலிச்சுருமாம். இந்தப் படத்துல கடைசியில பேரு ஓடுறப்ப அதையெல்லாம் போடுறாக. எவன் உக்காந்து பாக்கான்?"

இடைவேளைக்குப் பிறகு போர். அம்பு, ஈட்டி, தீப்பந்தம். அரசனின் ஒரே மகன் விழுந்தான். அரசன் அவனை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்து அலறினான். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

'ராஜாவுக்கு உடம்பாவது கிடைச்சது' என்று தங்கமாரிக்குத் தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

அதன் பிறகு போர்க்களத்தைக் காட்டினார்கள். பொழுது சாய்கிற வெளிச்சம். கண்ணுக்கு எட்டிய தூரம் பிணங்கள். கையை விரித்துக் கிடந்தவர்கள், வாயைப் பிளந்து கிடந்தவர்கள், ஈட்டி குத்தி நின்றவர்கள். புல்லாங்குழல் உருகியது. காமிரா மெதுவாக அவர்கள் மேல் நகர்ந்தது. திடீரென்று தியேட்டர் முழுக்கச் சிரிப்பு.

"இந்தா வருது, இந்தா வருது! அக்கா, வலது மூலையப் பாருங்க! செத்தவன் காலை ஆட்டுறான்!"

காளீஸ்வரி கை தட்டிச் சிரித்தாள். மாரிச்செல்வமும் சிரித்தான். அந்தக் காட்சி படம் வந்த மறுநாளே எல்லோருடைய போனிலும் சுற்றிவிட்டது. பிணத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஆளாளுக்குக் கேலி எழுதி அனுப்பியிருந்தார்கள். மாரிச்செல்வமே நாலு குரூப்புக்கு அனுப்பியிருக்கிறான்.

தங்கமாரி வலது மூலையைப் பார்த்தாள்.

அத்தனை பிணமும் பிணமாகக் கிடக்க, ஒருத்தன் மட்டும் ஒருக்களித்துக் கிடந்தான். முகம் அந்தப் பக்கம். முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் சேர்த்து முழங்காலுக்கு நடுவே செருகியிருந்தான். இடது கால் பெருவிரல் வலது குதிகாலைத் தேய்த்தது. நின்றது. மறுபடியும் தேய்த்தது.

அவன் நடிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான்.

கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் பனியில் கிடக்கிறவனுக்குப் போர்வை ஏது? கையைக் காலுக்குள் செருகிக்கொண்டு அரைத் தூக்கம் தூங்குவான். புகை நிறம் மாறினால் எழுந்திரிக்க வேண்டும். அதனால் முழுத் தூக்கம் போகாமலிருக்கக் காலைத் தேய்த்துக்கொண்டே கிடப்பான். வீட்டுக்கு வந்து பாயில் படுத்தாலும் அதே படுக்கை, அதே தேய்ப்பு. கல்யாணமான புதிதில் அந்தச் சரக் சரக்கில் தங்கமாரிக்குத் தூக்கம் வராது. அவன் போன பிறகு, அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

கூடப்பிறந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அண்ணன் தூங்குவதை ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தவன் அவன் இல்லையே.

தங்கமாரி காத்திருந்தாள். இப்போது நெஞ்சு படபடக்கும், இப்போது கண் இருட்டும், இப்போது வாய்விட்டுக் கத்துவோம் என்று. ஒன்றும் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். சனம் கதவுக்கு முண்டியது.

"மதினி, நாங்க முன்னால போயி டீ சொல்லுறோம். கூட்டம் குறையட்டும், மெதுவா வாங்க" என்றான் மாரிச்செல்வம். காளீஸ்வரியோடு நாலு வார்த்தை தனியாகப் பேச அவனுக்கு இதைவிட்டால் வேறு நேரம் இல்லை. இருவரும் போனார்கள்.

திரையில் பெயர்கள் ஓடின. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் படப்பிடிப்பைக் காட்டினார்கள். கதாநாயகன் தேரிலிருந்து குதித்து மெத்தையில் விழுந்தான். ராணி கிரீடத்தைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தாள். பிறகு அந்தப் போர்க்களம். யாரோ கை தட்டினார்கள். பிணங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, மண்ணைத் தட்டி, காமிராவைப் பார்த்துச் சிரித்தன.

ஒரு பிணம் எழவில்லை. பக்கத்துப் பிணம் அவனை ஈட்டிக் கட்டையால் குத்தி எழுப்பியது. அவன் பதறி எழுந்து உட்கார்ந்தான். கண்ணைக் கசக்கினான். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, கூச்சப்பட்டு, அவனும் சிரித்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அது உடைந்தது அவர்கள் வீட்டுக் கிணற்றடியில்.

சுந்தரபாண்டி.

அப்போது கட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. கண்ணாடி வளையல் போட்ட பெண் கை. தண்ணீர் பாட்டிலை நீட்டியது. அவன் யாரென்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிக் குடித்தான். புதிதாகக் கொடுக்கிறவளிடம் யாரும் அப்படி வாங்க மாட்டார்கள்.

தியேட்டரில் கூட்டுகிற அம்மாள் விளக்குமாற்றோடு வந்து, "படம் முடிஞ்சு போச்சு, எந்திரிம்மா" என்றாள். தங்கமாரி எழுந்தாள்.

டீக்கடையில் காளீஸ்வரி கேட்டாள். "எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அழுதீகளா? நான் அந்த மகன் சாகுற எடத்துல அழுதுட்டேன்."

"எனக்கு அழுகை வரல, காளீஸ்வரி."

அந்தப் பெண் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அமாவாசை ஞாபகம் வந்திருக்கும். தங்கமாரியின் கையை மறுபடி பிடித்துக்கொண்டு, "எங்கப்பா கேட்டதெல்லாம் மனசுல வச்சுக்காதீகக்கா" என்றாள். நல்ல பெண். நல்ல பெண்ணாக இருந்து தொலைக்காமல் இருந்திருந்தால் தங்கமாரிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவளைப் பாளையம்பட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இருவரும் ஊர் பஸ் ஏறினார்கள். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடும், காய்ந்த கரிசலும், எங்கோ ஒரு மூட்டத்துப் புகையும் போயின.

"தம்பி, அந்தக் கால் ஆட்டுறது உங்க போனுல இருக்கா?"

"ஏன் மதினி, பிடிச்சுப்போச்சா?" என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தான்.

அவள் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். மறுபடியும் பார்த்தாள். சிவப்பு வட்டத்துக்குள் அவளுடைய புருஷன் தூங்கிக்கொண்டிருந்தான். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'செத்தும் அடங்காதவன்.'

சொன்னால் காரியம் நின்றுபோகும். காளீஸ்வரியின் அப்பா முகூர்த்தம் குறிக்க மாட்டார். இந்தப் பையன் முகத்தில் இருக்கிற சிரிப்பு போய்விடும். அவளும் மறுபடி வாசலைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். சொல்லாவிட்டால் உயிரோடு இருக்கிறவனுக்காக ஆற்றங்கரையில் உட்கார்ந்து தாலியை இறக்க வேண்டும். இரண்டையும் எண்ணிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் மனசு சாயவில்லை. கடைசியில் ஒன்றுதான் தோன்றியது. முத்துத்தாய் பெற்றவள். அவளிடம் மறைக்க நாம் யார்?

மாரிச்செல்வம் பஸ் ஸ்டாப்பிலேயே கூட்டாளிகளோடு நின்றுவிட்டான். தங்கமாரி தனியாக வீட்டுக்கு வந்தாள். விளக்கு வைக்கிற நேரம். முத்துத்தாய் கூடத்தில் மிளகாய் வத்தலைக் குவித்துப் போட்டுக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஒரு துணிக்கடைப் பை இருந்தது.

"உங்கண்ணன் வந்துட்டுப் போனான். காரியத்தன்னைக்குப் போடுற கோடிச் சேலையாம். எடுத்து உள்ள வையி. படம் எப்படி?"

தங்கமாரி பையைத் தொடவில்லை. மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க மகன் சாகல."

முத்துத்தாயின் கை நின்றது.

"படத்துல இருக்காக. செத்த மாதிரி படுத்து நடிச்சிருக்காக. பெறகு எந்திரிச்சுச் சிரிச்சாக. மொகத்தப் பாத்தேன். ஒடைஞ்ச பல்லப் பாத்தேன். போன வருசம்தான் எடுத்த படமாம்."

முத்துத்தாய் மாரில் அடித்துக்கொள்வாள், சாமி பெயரையெல்லாம் கூப்பிடுவாள், தெருவைக் கூட்டுவாள் என்று தங்கமாரி நினைத்திருந்தாள். நீங்களும் நானும் கூட அப்படித்தான் நினைப்போம். முத்துத்தாய் எழுந்தாள். வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"மாரிச்செல்வம் பாத்தானா?"

"இல்ல."

"அந்தப் புள்ள?"

"இல்ல, அத்தை."

முத்துத்தாய் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு வத்தலை எடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பக்கத்துல அவ நின்னாளா?"

கண்ணாடி வளையல் கையைப் பற்றித் தங்கமாரி இன்னும் வாயே திறக்கவில்லை.

தங்கமாரியும் ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"போன பொங்கலுக்குப் போன் பண்ணுனான்." முத்துத்தாய் நிமிரவில்லை. "அங்கிட்டே ஒருத்தி கூட இருக்கானாம். கைப்பிள்ளை வேற. 'தங்கமாரிக்குத் தெரிய வேணாம்மா'ன்னு அழுதான். எனக்கு அவன் அன்னைக்கே செத்தான். கோடாங்கிக்குச் சொல்லிக் குடுத்ததும் நாந்தான்."

"ஏன் அத்தை?"

"ஏன்னா கேக்க? ஒன்னைய இந்த ஊருல எவளும் வாழாவெட்டின்னு சொல்லிறக் கூடாதுன்னுதான். அந்தப் பேருக்குத் தாலியறுத்தவங்கிற பேரு மேலுத்தா. அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. விட்டுட்டுப் போனவனுக்குப் பொண்டாட்டின்னு இருக்கிறதுக்கு என்ன மரியாதை இருக்கு?"

அதைச் சொல்லும்போது முத்துத்தாயின் குரல் உடைந்தது. பொய்யாக உடையவில்லை. அதுதான் இந்தக் கிழவியிடம் உள்ள கஷ்டம். அவள் செய்கிற கொடுமையிலும் பாசம் கலந்திருக்கும். பிரித்து எடுத்துக் கோபப்பட முடியாது.

தங்கமாரி அடுத்த வத்தலைக் கிள்ளினாள். விரல் நுனி எரிந்தது. மூன்று வருஷமாக இந்த வீட்டு மிளகாயைக் கிள்ளிக்கொண்டுதான் இருக்கிறாள். இன்றைக்குத்தான் எரிவது தெரிந்தது.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மா, என்ன விளக்கு வைக்கிற நேரத்துல தாழ்ப்பாள் போட்டிருக்க?" மாரிச்செல்வத்தின் குரல்.

முத்துத்தாய் மருமகளின் முழங்கையைப் பிடித்தாள். "என்னத்தா சொல்லப் போற அவன்ட்ட? காரியத்த நிறுத்தச் சொல்லப் போறியா?"

தங்கமாரி எழுந்தாள். சுவரோரம் இருந்த துணிக்கடைப் பையை எடுத்தாள். பிரித்துப் பார்க்காமல் மாமியாருடைய மடியில் வைத்தாள்.

"நிறுத்த வேண்டாம், அத்தை. அமாவாசைக்குக் காரியம் நடக்கட்டும். ஆனா அந்த வைக்கோல் பொம்மைய வேற யாரும் கட்ட வேண்டாம், நான் கட்டுறேன்." தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். "அவுக எப்படிப் படுப்பாகன்னு எனக்குத்தான் தெரியும்."